துணி மேல் பழி போடலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டன் தன் 'வெல்லிங்டன்' குண்டுவீச்சு விமானத்துக்குத் துணி போர்த்தி அனுப்பியதாமே? அலுமினியத் தகட்டுக்கா அங்கே பஞ்சம்? 1939 டிசம்பரில் ஒரே நாளில் பாதி விமானங்கள் விழுந்ததற்கு இந்தக் கஞ்சத்தனம்தானே காரணம்? (விருதுநகர் வாசகர் ஒருவர்)

பதில்: துணி போர்த்தியது உண்மை. பாதி விழுந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் போட்ட முடிச்சுதான் தப்பு.

முதலில் அந்தத் துணி என்ன வேலை செய்தது என்று பார்ப்போம். விமானத்தின் பலம் துணியில் இல்லை, அதற்கு உள்ளே இருந்தது. பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் அதற்கு முன்னால் ஆகாயக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தவர். விக்கர்ஸ் நிறுவனத்தில் விமானம் கட்ட வந்தபோது, டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகப் பட்டைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றி, உடம்பு, இறக்கை முழுவதையும் ஒரு வலைக்கூடாகவே செய்துவிட்டார். நம் ஊர் மூங்கில் கூடையைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் போகும் பட்டை இழுபடும்போது அதைக் குறுக்கே வெட்டிப் போகும் பட்டை அமுங்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கூடை நெளியாது. நாலு பட்டை அறுந்தால் அவற்றின் சுமையை மற்றவை வாங்கிக்கொள்ளும். இந்தக் கூட்டின் மேல் காற்று வழுக்கிப் போவதற்காக ஒரு தோல் வேண்டுமே, அதற்குத்தான் லினன் துணி. அதை இழுத்துக் கட்டி, விறைப்பாக நிற்க வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சும் பூசினார்கள்.

இதனால் என்ன ஆயிற்று? இறக்கையில் ஆள் நுழையும் அளவு ஓட்டை, வால் பக்கம் துணியே இல்லை, வெறும் எலும்புக்கூடு. அந்தக் கோலத்தில் வெல்லிங்டன்கள் வீடு வந்து சேர்ந்த படங்கள் ஏராளம்.

அப்புறம் கஞ்சத்தனம் என்கிறீர்களே. இந்தக் கூடைப் பின்னல் மலிவான வேலை அல்ல. அதற்கென்றே தனி எந்திரங்கள், தனிப் பயிற்சி வேண்டும். அதனால்தான் மற்ற நிறுவனங்கள் இந்த முறையைத் தொடவில்லை. அப்படியிருந்தும் 11,400-க்கு மேல் கட்டினார்கள். போரின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் தயாரிப்பில் இருந்த ஒரே பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் இதுதான். 1942 மே 30 இரவு கொலோன் நகரத்தின் மேல் ஆயிரத்துச் சொச்சம் விமானங்கள் போனபோது அவற்றில் ஏறக்குறைய 600 வெல்லிங்டன்கள். (பெயரைப் பார்த்ததும் நீலகிரி வெல்லிங்டன் ஞாபகம் வந்திருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் பட்டப்பெயர்தான் இரண்டுக்கும் மூலம்.)

சரி, 1939 டிசம்பர் 18-க்கு வருவோம். அன்று 24 வெல்லிங்டன்கள் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துப் போர்க்கப்பல்களைத் தேடிக் கிளம்பின. இரண்டு பாதி வழியில் திரும்பின. மற்ற 22 பட்டப்பகலில், மேகமே இல்லாத வானத்தில், துணைக்கு ஒரு போர் விமானம்கூட இல்லாமல் போயின. ஜெர்மன் ரேடார் அவற்றை வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கரையில் இருக்கும் பொதுமக்கள் மேல் குண்டு விழுந்துவிடக் கூடாது என்று கட்டளை. கப்பல்களோ கரையை ஒட்டி நின்றன. ஆகவே பெரும்பாலான விமானங்கள் குண்டு போடாமலே திரும்பின. திரும்பும் வழியில் மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் போர் விமானங்கள் பிடித்துக்கொண்டன. போனவற்றில் 12 மிஞ்சவில்லை.

வெல்லிங்டனின் மூக்கிலும் வாலிலும் இருந்த துப்பாக்கிகள் பக்கவாட்டில் முழுதாகத் திரும்பாது. இதைத் தெரிந்துகொண்ட ஜெர்மன்காரர்கள் பக்கவாட்டில், மேலிருந்து இறங்கி அடித்தார்கள். அவர்களிடம் 20 மில்லிமீட்டர் பீரங்கி. இவர்களிடம் இருந்தது சாதாரண ரைஃபிள் தோட்டா போடும் இயந்திரத் துப்பாக்கி, அவ்வளவு தூரம் எட்டாது. எல்லாவற்றையும் விட மோசம், இறக்கையில் இருந்த பெட்ரோல் தொட்டிகள் பலவற்றுக்கு, தோட்டா துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறை கிடையாது. ஒழுகிய பெட்ரோல் பற்றிக்கொண்டது, பற்றாத விமானங்கள் சில எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கின. பெட்ரோல் எரியும்போது துணியும் சேர்ந்து எரியும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நெருப்பு துணியில் ஆரம்பிக்கவில்லை.

உலோகத் தகடு போர்த்திய விமானங்கள் பிழைத்தனவா? அதே 1939-இல், செப்டம்பர் 29 அன்று, அதே கடல் பக்கம் ஹாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் 11 போயின. முழு உலோக உடம்பு. ஐந்து திரும்பவில்லை. 1940 ஆகஸ்ட் 13 அன்று டென்மார்க்கின் ஆல்போர்க் விமானதளத்தைத் தாக்க பிளென்ஹைம் என்ற இன்னொரு வகை பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் 12 கிளம்பின. அவையும் உலோகத் தோல்தான். ஒன்று வழியில் திரும்பிவிட்டது, மீதி 11-இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து ஜப்பானியக் கப்பற்படையைத் தாக்கப் போன பிளென்ஹைம்களில் ஏறக்குறைய பாதி அழிந்தன. தகடா துணியா என்று போர் விமானம் பார்த்துச் சுடுவதில்லை.

கோபப்படுவதென்றால் மேலிடத்தின் மேல் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். குண்டுவீச்சு விமானம் எப்படியும் இலக்கை அடைந்துவிடும் என்று 1932-இலேயே பிரிட்டிஷ் அரசியல் தலைவர் ஸ்டான்லி பால்ட்வின் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். நெருக்கமாக அணி வகுத்துப் பறந்தால் தங்கள் துப்பாக்கிகளே போதும் என்பது விமானப் படைத் தலைமையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு டிசம்பர் 14 அன்றே அடி விழுந்தது. 12 வெல்லிங்டன்கள் போய் ஐந்து சுட்டு வீழ்த்தப்பட்டன, ஆறாவது ஊர் வந்து நொறுங்கியது. மேலிடம் என்ன சொன்னது? அவை பெரும்பாலும் கப்பல் பீரங்கியால் விழுந்தவை, போர் விமானங்களால் அல்ல என்று முடிவு கட்டியது. நாலே நாளில் 18-ஆம் தேதிப் படையை அனுப்பியது. இந்தப் படையை நடத்திப் போன ரிச்சர்ட் கெல்லெட், முந்தைய வருஷம்தான் இதே கூடைப் பின்னலில் கட்டிய வெல்லெஸ்லி விமானங்களை எகிப்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை இடையில் இறங்காமல் ஓட்டி உலக சாதனை செய்தவர். அவர் திறமைக்கோ அந்தக் கட்டுமானத்துக்கோ என்ன குறை? 18-ஆம் தேதி 12 விமானங்கள் அழிந்த பிறகுதான் பெட்ரோல் தொட்டிக்கு உறை வந்தது, இரவில் பறப்பதும் வழக்கமாயிற்று.

துணியைப் பற்றி இன்னொன்று. 1941 ஜூலை 7 இரவு, மியூன்ஸ்டர் நகரத்தில் குண்டு போட்டுத் திரும்பிய வெல்லிங்டன் ஒன்றின் வலது எஞ்சின் அருகே தீ. நியூசிலாந்துக்காரரான 22 வயது துணை விமானி ஜேம்ஸ் வார்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு 13,000 அடி உயரத்தில் இறக்கை மேல் இறங்கிப் போனார். கால் வைக்கப் படி ஏது? துணியை உதைத்துக் கிழித்து, உள்ளே இருந்த பட்டைகளில் கையும் காலும் கோத்துக்கொண்டு போய், கித்தான் உறையால் தீயை அமுக்கினார். தகடு போர்த்திய இறக்கையாக இருந்திருந்தால் எதை உதைத்துப் படி செய்திருப்பார்? பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் ஹாம்பர்க் வானில் இறந்துபோனார்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். டிசம்பர் 18 அன்று போய்த் திரும்பிய வெல்லிங்டன்களில் ஒன்று, 'ஆர் ஃபார் ராபர்ட்', அங்கே நிற்கிறது. 1940-இன் கடைசி நாளில் எஞ்சின் கோளாறால் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. அந்த ஏரியில் இருப்பதாகச் சொல்லும் பூதத்தைத் தேடிப் போனவர்கள் கண்ணில் பட்டு, 1985-இல்தான் மேலே வந்தது. துணி போய்விட்டது. கூடை இருக்கிறது.