வெளியே ஓடுவதா, உள்ளேயே இருப்பதா?

கேள்வி: 2024 அக்டோபரில் எங்கள் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவி மாணவிகள் மயங்கி விழுந்தார்களே, அதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. மகள் ஏழாவது படிக்கிறாள்; வீசிங் வேறு இருக்கிறது. பள்ளியில் ஏதாவது என்று தெரிந்தால் உடனே ஓடிப்போய்க் கூட்டிவந்துவிடலாமா, அம்மா?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: எண்ணூரையும் மணலியையும் ஒட்டிக் குடியிருக்கிற நமக்கு இது வீண் பயம் இல்லைம்மா. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்ததே, அது பள்ளி நேரமாக இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தண்டையார்பேட்டையில் தலைமையாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். மணி அடித்தால் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் பிள்ளைகளைப் பழக்குகிறோம். தீக்கு அது சரி. வெளியிலிருந்து வாயு வந்தால் அந்த மைதானமே ஆபத்து. அப்போது வகுப்புக்குள் போய், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்த வேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் ஈரக் கைக்குட்டையை மூக்கிலும் வாயிலும் பொத்திக்கொண்டால் ஓரளவு தாங்கலாம். கண் எரிந்தால் கசக்காமல் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். நெடி கட்டடத்துக்குள்ளிருந்தே கிளம்பினால் மட்டும் வெளியே வர வேண்டும், அதுவும் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக. கொடிக்கம்பத்தில் ஒரு துணிப்பட்டை பறந்தால் திசை தெரிந்துவிடும். ஆக, தீக்கு ஒரு மணி, வாயுவுக்கு வேறு மணி. இரண்டுக்கும் ஒத்திகை வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாசலுக்கு ஓடாதீர்கள். நம் தெருக்களின் அகலம் உங்களுக்கே தெரியும். பெற்றோர் பைக்குகள் குவிந்தால் 108 உள்ளே நுழையவே முடியாது. பிள்ளைகளை எங்கே ஒப்படைப்பார்கள் என்று பள்ளியிடம் இப்போதே கேட்டுவையுங்கள். நீங்கள் வர முடியாவிட்டால் யாரிடம் அனுப்பலாம் என்று இரண்டு பேரை எழுதிக் கொடுங்கள். அத்தையோ, எதிர்வீட்டு அக்காவோ, பகலில் வீட்டிலிருப்பவராக இருக்கட்டும். டைரியில் எழுதிக் கொடுத்த நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிம் மாற்றியதைப் பள்ளிக்குச் சொல்லாத வீடுகள் ஏராளம். உங்கள் நம்பர் மகளுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

இன்ஹேலர் ஒன்று பையிலும் இன்னொன்று வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும். எப்போது, எத்தனை முறை என்று டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த இரண்டாவது மணியைப் பற்றி எழுந்து கேளுங்கள்.