மூன்றாவது சிசேரியன்: நஞ்சுக்கொடி எங்கே என்று கேளுங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இப்போது 16 வாரம். மூன்றாம் தரமும் வயிற்றைத் திறந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மாமி சொன்னாராம். கணவர் வெளிநாட்டில். இரவில் நித்திரை இல்லை, இது உண்மையா என்று கேட்கிறார்.

மாமி சொல்வதுபோல் இல்லை, தங்கச்சி. மூன்றாவது சிசேரியன் செய்தவர்களில் பெரும்பாலானோர் சுகமாகவே வீடு போகிறார்கள். ஆனால் முதலாவதைப் போல இலகு என்றும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் உள்ளே தழும்பு கூடுகிறது. கருப்பையும் சிறுநீர்ப்பையும் குடலும் ஒட்டிப்போயிருந்தால் பிரித்தெடுக்க நேரம் எடுக்கும், இரத்தமும் கூடப் போகும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக்கொண்டு, பழைய தழும்பின் மேல் படிந்திருந்தால், அது தசைக்குள் வேர்விட்டுவிடலாம். அப்படி வாயை மூடியிருக்கும் தாய்மாரில், மூன்றாவது சிசேரியன் என்றால் 100 பேரில் சுமார் 40 பேருக்கு இது நடக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் கொடி கழன்று வராது. இரத்தம் கொட்டும். கருப்பையையே அகற்ற வேண்டியும் வரலாம். கொடி மேலே இருந்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆகவே 20ஆம் வார ஸ்கானில் கொடி எங்கே, தழும்பின் மேலா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கீழே என்றால் உடனே கலங்க வேண்டாம், பலருக்கு அது பிறகு மேலே போய்விடும். 32ஆம் வாரத்தில் திரும்பப் பாருங்கள். அப்போதும் அங்கேயே இருந்தால், இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள யாழ். போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில்தான் பிரசவம்.

இந்த இடத்தில்தான் தனியார் வைத்தியசாலைகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் வருகிறார்கள். வெளிநாட்டுக் காசு வரும் வீடு என்று தெரிந்தால் தேடி வந்து, 'நல்ல இடம், ஏசி அறை, நாளும் குறித்துத் தாறம்' என்பார்கள். இரவு 2 மணிக்கு 6 பைந்து இரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாத்திரியார் குறித்த நாளுக்காக 37ஆம் வாரத்தில் வெட்டச் சொல்லவும் வேண்டாம். சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் 39ஆம் வாரம்தான். முந்தினால் பிள்ளை மூச்சுக்குக் கஷ்டப்படலாம்.

எனக்குத் தாங்க முடியாத இன்னொன்று, வீட்டுக்கு விடும்போது தரும் காட். உள்ளே எவ்வளவு ஒட்டியிருந்தது, எப்படி வெட்டினார்கள் என்று எதுவும் இல்லாமல் 'சிசேரியன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வைத்தியர் எதை வைத்து முடிவெடுப்பது? எத்தனை கூட்டங்களில் சொல்லியாயிற்று! உங்கள் பழைய காட் இரண்டையும் தேடி எடுங்கள். விபரம் இல்லையென்றால் சத்திரசிகிச்சை செய்த இடத்திலேயே எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

நோவே இல்லாமல் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம்; 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். ஸ்கானுக்குப் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.