ஒரு அரியருக்கு டிசி வாங்குவதா?

குறிஞ்சிப்பாடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகள் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், கடலூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் அரியர். அவளைப் போல வகுப்புக்குப் பாதிப்பேர் இருப்பார்கள், பயப்படாதீர்கள். ஆனால் பாண்டிச்சேரியில் இருக்கும் உங்கள் தம்பி, "டிசி வாங்கிட்டு வாக்கா, இங்க இன்ஜினியரிங்ல போட்டா இங்கிலீஷ் தானா வந்துடும்" என்கிறாராமே. வராது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போர்டில் இருப்பதைக் காப்பி எடுப்பாள், அதுவும் வட்டிக்கு வாங்கிய பணத்தில். கணக்குதான் பிடிக்கும் என்று அவளே சொல்லியாயிற்று. அதில் கை வைக்காதீர்கள். அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாயையும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் கட்ட வேண்டாம்.

கல்லூரியிலேயே பாடத்தில் பின்தங்கியவர்களுக்கு ரெமிடியல் கிளாஸ் நடக்கிறது, 'மக்கு கிளாஸ்' என்று கேலி செய்வதால் போகவில்லை என்கிறாள். அங்கேதான் போக வேண்டும். நல்ல ஆசிரியர் அங்கே இலக்கணப் புத்தகத்தைத் திறப்பதில்லை. 'நேற்று என்ன செய்தாய், ஐந்து வரி எழுது' என்பார். 'யெஸ்டர்டே ஐ கோ டு பேங்க்' என்று எழுதுவார்கள். தாள் முழுக்கச் சிவப்பு மை அடித்தால் பிள்ளை நோட்டை மூடிவிடும். அதனால் அன்றைக்கு இறந்தகால வினையை மட்டும் பார்ப்பார், ஸ்பெல்லிங் தப்பை விட்டுவிடுவார். பெயர் சொல்லாமல் நாலு வாக்கியத்தைப் போர்டில் போட்டு, பிள்ளைகளையே திருத்தச் சொல்வார். சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம். வாசிப்பதும் எழுந்து நின்று அல்ல, பக்கத்தில் இருப்பவளிடம் மெதுவாக. தன்னைப் போலவே பத்துப் பேர் தடுமாறுவதைப் பார்த்ததும்தான் பல பிள்ளைகளுக்கு வாயே திறக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. பழைய கேள்வித்தாளுக்கு விடை சொல்லி எழுதவைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. பாஸ் ஆகலாம், எழுத வராது. அப்படியென்றால் அவளே வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். கணக்கையே எழுதட்டுமே: ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை, குறியீடு இல்லாமல், முழு வாக்கியங்களில். அரியர் பேப்பரை அடுத்த தேர்வோடு எழுதிக்கொள்ளலாம், ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். வகுப்பு கல்லூரி நேரத்துக்குப் பிறகு என்பதால் வழக்கமான பஸ் போய்விடும், அவள் அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.