நகரத்து ஏழைகளும் மிஷன்களும் – கடிதம்

வணக்கம் ஐயா,

லண்டன், கிளாஸ்கோ நகரங்களின் ஏழைத் தெருக்களில் வேலை செய்த கிறிஸ்தவ ஊழியர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் இருக்கிறேன். எங்கள் தெருவில் லாட்ஜ் துணி துவைப்பவர்களும், கட்டட வேலைக்குக் கீழேயிருந்து வந்தவர்களும்தான் அதிகம். ஞாயிறுதோறும் ஒரு ஜெபக்குழு வருகிறது. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அரிசியும் போர்வையும் கொடுக்கிறார்கள். என் அப்பத்தா அவர்கள் கூட்டத்துக்குப் போகிறார். "உங்க வீடு அரிசி மூட்டைக்கு விலைபோயிருச்சு" என்று என் நண்பனே சொல்கிறான். ஆள் சேர்க்கும் எண்ணத்தோடு செய்கிற உதவி எப்படி அன்பாகும்? கட்டுரையில் அவர்களைக் கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டீர்களோ என்று தோன்றியது.

கே., கொடைக்கானல்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது, முக்கியமாக உங்கள் அப்பத்தாவை நினைத்து. வசதியான ஒருவர் கொடைக்கானலுக்கு வந்து தியான வகுப்பில் சேர்ந்தால் ஆன்மிகத் தேடல் என்கிறோம். கூலி வேலை செய்த ஒரு பாட்டி ஜெபக் கூட்டத்துக்குப் போனால் யாரோ அவரை வாங்கிவிட்டதாகச் சொல்கிறோம். அவருக்கும் துக்கம் உண்டு, பயம் உண்டு, யோசிக்கும் புத்தி உண்டு. ஏன் போகிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் எல்லார் கருத்தும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கிளாஸ்கோவில் 1801ல் ஏறத்தாழ 77 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1831ல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பருத்தி ஆலை வேலைக்காக ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஜனம் வந்து குவிந்தது. இருந்த தேவாலயங்கள் பழைய ஊரின் அளவுக்குக் கட்டியவை. பல இடங்களில் உட்காரும் பெஞ்சுக்கே வாடகை. கிழிந்த சட்டையோடு உள்ளே போகக் கூசியவர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று 1826ல் டேவிட் நாஸ்மித் அங்கே நகர மிஷனைத் தொடங்கினார். 1835ல் லண்டனிலும் அதேபோல ஒன்று. பட்டம் பெற்ற பாதிரிமார் தேவைப்படவில்லை, சாதாரண ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஆளுக்குச் சில தெருக்கள், வீடு வீடாகப் போக வேண்டும், நோயாளியைப் பார்க்க வேண்டும், வேதம் வாசிக்க வேண்டும். நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லண்டன் மிஷன் தன் ஊழியர்கள் பணமோ பண்டமோ கொடுக்கக் கூடாது என்றே விதி வைத்திருந்தது. உதவிக்காகப் பக்தி காட்டுவார்களோ என்கிற சந்தேகம் அவர்களுக்கே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் அவர்கள் போய்ப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பிறப்பால் கிறிஸ்தவர்கள்தான்.

நான் அவர்களை மதிப்பது இதற்காகத்தான். பெருகிவரும் நகரத்தில் ஏழைக்கு முதலில் பறிபோவது, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள். அந்த ஊழியர் அடுத்த வாரமும் அதே கதவைத் தட்டினார்.

ஆனால் அவர்கள் பார்க்கத் தவறியதும் உண்டு. குடியைக் கண்டித்த அளவுக்குக் கூலியைப் பற்றிப் பேசவில்லை. கிழக்கு லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி முனையில் வைக்கும் வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும். 1888ல் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக எழுதியவர் நம் அடையாறு அன்னி பெசன்ட். அப்போது அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1891ல், ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்யும் ஆலையை அங்கேயே திறந்து, கூலியும் கூடுதலாகக் கொடுத்தது. வேலைநிறுத்தம் நடந்த அந்தப் பெரிய ஆலை வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட 1901 ஆயிற்று. மிஷன் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த காரியங்களில் இந்தத் தீப்பெட்டி ஆலை ஒன்று. நோய்க்குக் காரணமான இடத்திலேயே அவர்கள் கைவைத்தார்கள்.

இனி நம் ஊர். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845ல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டியது கீழ்நாட்டுக் காய்ச்சலிலிருந்து தப்பிக்க. ஊழியம் சமவெளியில், மலை ஓய்வுக்கு. மோட்டார் சாலை வந்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அதற்கு முன் அடிவாரத்திலிருந்து அவர்களை டோலியில், அதாவது தூக்கு நாற்காலியில், தூக்கி வந்தவர்கள் கூலிக்காரர்கள். இன்றைய கொடைக்கானலும் அப்படிப்பட்டவர்கள் முதுகில்தான் நிற்கிறது. அதே மிஷன் 1847ல் தன் உபதேசியார்கள், அதாவது ஊர்களில் போதித்த உள்ளூர் ஊழியர்கள், சாதி பார்க்காமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தியது. பலர் விலகிப் போனார்கள். ஆள் சேர்ப்பது மட்டுமே குறி என்றால் இதைச் செய்திருக்கத் தேவையில்லை. அப்படியும் இன்றுவரை தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிச் சுவர் இருக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தன் நம்பிக்கையை மற்றவரும் ஏற்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவதாலேயே அவர் கொடுக்கும் போர்வை பொய்யாகிவிடாது. அரசியல் தொண்டருக்கும் அந்த ஆசை உண்டு. கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் போர்வை போகிறதா என்று பாருங்கள். வருவதை நிறுத்தியவரின் வீட்டுக்கு, காய்ச்சல் என்றால், யாராவது எட்டிப் பார்க்கிறார்களா? இல்லையென்றால் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைக் குழுவினரிடமே முகத்துக்கு நேரே கேளுங்கள், அப்பத்தாவைக் குத்த வேண்டாம்.

அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள். சீசன் முடிந்ததும் துவைக்கிறவர்களை நிறுத்திவிடும் லாட்ஜ்காரரிடம் இவர்கள் பேசியதுண்டா? கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994லிருந்து இருக்கிறது, சலவைத் தொழிலாளருக்கும் தனி வாரியம் உண்டு. உங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள்? வாரம் தவறாமல் வீடு வீடாகப் போகிற ஜெபக்குழுவுக்கு யார் வீட்டில் வாரிய உறுப்பினர் அட்டை இல்லை என்று கணக்கெடுப்பது பெரிய வேலை இல்லை. விண்ணப்பம் நிரப்ப நீங்களும் உங்கள் நண்பரும் கூடப் போங்கள்.