இரண்டு கமரா, ஒரே அழுத்து

கேள்வி: என்னிடம் ஒரே மாதிரியான இரண்டு கெனன் 1300டி கமராக்கள் இருக்கின்றன. முப்பரிமாணப் படத்துக்காகப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கி, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதை எடுத்தேன். கரை மரங்கள் அழகாக முன்னும் பின்னுமாகத் தெரிகின்றன. தண்ணீரைப் பார்த்தால் கண் நோகிறது. நானே கேபிள் செய்து இரண்டையும் இணைக்கலாமா?
- வாசகர், முறிகண்டி

பதில்: கட்டாயம் செய்யுங்கள். வான்கதவால் விழும் தண்ணீர் செக்கனுக்கு 5 மீற்றர் போகிறது என்று வையுங்கள். உங்கள் ஒரு விரல் செக்கனில் 50இல் ஒரு பங்கு பிந்தினாலே, அந்தப் படத்தில் துளி 10 சென்ரிமீற்றர் கீழே போயிருக்கும். பக்கவாட்டு விலகல் என்றால் மூளை அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளும். மேல்கீழ் விலகலைச் சேர்க்க முடியாமல் கண் இழுபடும். உங்கள் நோவு அதுதான்.

இந்தக் கமராவின் ரிமோட் துளைக்கு 2.5 மில்லிமீற்றர் பிளக் வேண்டும். சாதாரண ஹெட்போன் பிளக்கை விட மெல்லியது. இரண்டு கறுப்பு வளையம் உள்ளதாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். நுனி ஷட்டருக்கு, கறுப்பு வளையங்களுக்கு நடுவிலுள்ள உலோகப் பகுதி ஃபோகஸுக்கு, அடிப்பகுதி பொதுக் கம்பி. நுனியோடு நுனி, நடுவோடு நடு, அடியோடு அடி சேர்த்து ஈயம் பிடியுங்கள். நடுவுக்கும் அடிக்கும் இடையில் போட்டால் அப்படியே நிற்கும் சுவிச் ஒன்று. நுனிக்கும் அடிக்கும் இடையில் அமுக்கு சுவிச் ஒன்று. அவ்வளவுதான் கேபிள். இதில் பட்டரி எதையும் தொடுக்கக்கூடாது. செருகுமுன் மல்டிமீற்றரால் ஒவ்வொரு கம்பியையும் பாருங்கள். 90களில் பட்டரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட எங்கள் வன்னியில் இந்த வேலைக்குக் கை தேடவேண்டியதில்லை.

கேபிளை விடப் பெரிய விஷயம் அந்த நிற்கும் சுவிச். பலர் அதை விட்டுவிட்டு ஷட்டர் கம்பியை மட்டும் இணைக்கிறார்கள். கமரா தூங்கி எழும்பவும், ஒளி அளக்கவும், ஃபோகஸ் தேடவும் இரண்டு கமராவும் வெவ்வேறு நேரம் எடுக்கும். ஆகவே லென்ஸ் இரண்டையும் கைமுறை ஃபோகஸில் வையுங்கள். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம், லென்ஸ் துவாரம், வெள்ளைச் சமநிலை எல்லாம் இரண்டிலும் ஒன்றாக, கைமுறையில். 18-55 லென்ஸ் என்றால் சூம் வளையத்தை 18இல் முட்டவிடுங்கள். நடுவில் இரண்டையும் ஒரே அளவாக நிறுத்துவது பாடு. பிறகு முதல் சுவிச்சைப் போட்டு இரண்டையும் விழிப்பாக வைத்து, தருணம் வந்ததும் மற்றதை அமுக்குங்கள். பட்டரி கொஞ்சம் கூடுதலாக இறங்கும், இறங்கட்டும்.

சோதனைக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் வெள்ளை ரேப் ஒட்டிச் சுற்றுங்கள். ஷட்டர் 1/1000. சில்லில் 40 கம்பி இருந்து, செக்கனுக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், இரு கம்பிக்கு இடைப்பட்ட தூரம் செக்கனில் 40இல் ஒரு பங்கு. இரண்டு படத்திலும் ரேப் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போனால் நல்ல கேபிள்.

இன்னொன்று. இரண்டு உடலும் ஒட்டி நின்றால் லென்ஸுகளின் இடைவெளி ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர், நம் கண்களின் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. இடைவெளியின் 30 மடங்கை விடக் கிட்ட எதுவும் படத்துக்குள் வரவேண்டாம் என்பது பழைய கணக்கு. உங்களுக்கு அது 4 மீற்றர். குளத்து வானுக்கு அது போதும், கோயில் குத்துவிளக்குக்குச் சரிவராது.

கேள்வி: என் பழைய கெனன் பவர்ஷொட் கமராக்களில் ரிமோட் துளையே இல்லை. வழி உண்டா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பல மொடல்களுக்கு உண்டு. ஸ்டீரியோடேட்டா மேக்கர் என்ற இலவச மென்பொருளை மெமரி காட்டில் போட்டால், யூஎஸ்பி துளையே ரிமோட் ஆகிவிடும். மூன்று சிறு பட்டரிகளின் 4.5 வோல்ற்றை ஒரு சுவிச் வழியாக இரண்டு கமராவின் யூஎஸ்பி மின்கம்பிக்கும் கொடுங்கள். அமுக்கிப் பிடித்தால் தயாராகும், விட்டால் படம் எடுக்கும். உங்கள் மொடலுக்கும் அதன் உள்மென்பொருள் இலக்கத்துக்கும் பொருந்திய பதிப்பையே இறக்குங்கள். சாதாரண காட்டைத் திரும்பப் போட்டால் கமரா பழையபடி வேலை செய்யும்.