அப்பாவுக்கு இறால் அலர்ஜி, ஆஞ்சியோவுக்கு டை போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறார். நடந்தா நெஞ்சு இறுக்குதுன்னு அடுத்த வாரம் கை வழியா ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்) பண்ணச் சொல்லிருக்காங்க டாக்டர். இறால் சாப்பிட்டா அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சிடும், ரத்தக்குழாய் எக்ஸ்ரேல தெரியறதுக்காக உள்ள செலுத்துற டையில அயோடின் இருக்கு, ஆபத்துன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. மயக்க மருந்து குடுப்பாங்களா?

பதில்: மொதல்ல இறால் கதையை முடிச்சிடுவோம்மா. இறால் ஒத்துக்காதது அதுல இருக்கிற புரோட்டீனால, அயோடினால இல்ல. கேஸ் ஷீட்ல எழுதிக்கட்டும், ஆனா அதுக்காக டெஸ்ட்ட தள்ளிப்போட வேணாம். இதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன்ல டை போட்டு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தா மட்டும் கண்டிப்பா முன்னாடியே சொல்லிடுங்க, அது வேற விஷயம்.

நான் பார்க்கிறது கிட்னியை. டை மொத்தமும் அது வழியாத்தான் வெளிய போகணும், அதனால ரத்த ரிப்போர்ட்ல கிரியாட்டினின் பக்கத்துல இஜிஎஃப்ஆர்னு, கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, 60க்கு மேலன்னா நிம்மதி, 30க்கு கீழன்னா உங்க டாக்டரே ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிப்பார். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது, ஆனா டை போட்டப்புறம் கிட்னி மந்தமாச்சுன்னா மருந்து உள்ளயே தேங்கி லாக்டிக் ஆசிட் ஏறிடும், அதனாலதான் பலருக்கு டெஸ்ட் அன்னிக்கு நிறுத்தி 48 மணி நேரம் கழிச்சு கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு திரும்ப ஆரம்பிக்கச் சொல்றோம். வெறும் வயித்துல வேற சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டா லோ சுகர் ஆகிடும், அதையும் கேட்டுக்கோங்க. ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க, ரத்தம் உறையாம இருக்கப் போடுற வார்ஃபரின் மாதிரி ஏதாவது இருந்தா இன்னிக்கே போன் பண்ணி சொல்லுங்க. மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனாலே பாதி வேலை முடிஞ்சுது.

முழு மயக்கம் கிடையாது. மணிக்கட்டுல மரத்துப்போற ஊசி சுருக்குன்னு ஒண்ணு, அப்புறம் 2 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு குழாய். அது உள்ள ஊர்ந்து போறது அவருக்குப் பெரும்பாலும் தெரியாது, ரத்தக்குழாய்க்குள்ள அந்த உணர்ச்சி இல்ல. டை நிறைய விடும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு குப்புன்னு பரவும், ஒருத்தர் என்கிட்ட "டாக்டர், பெட்டை நனைச்சிட்டேன் போல"ன்னு கூச்சத்தோட முனகினார், பார்த்தா பெட் காஞ்சுதான் இருக்கு! அப்பாகிட்ட இதை மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க. கை வழின்னு சொல்லிட்டு தொடையிடுக்குல எதுக்கு ஷேவ் பண்றாங்கன்னு பதறாதீங்க, கையில இருக்கிற குழாய் சின்னது, சில சமயம் சுருங்கி பிடிச்சுக்கும், அப்போ அந்த வழி வேணும்.

ஒண்ணு கேட்க மறந்துடாதீங்க, அடைப்பு தெரிஞ்சா அதே டேபிள்லயே ஸ்டென்ட் (அடைப்பை விரிச்சுப் பிடிக்கிற சின்ன வலைக்குழாய்) வைப்பாங்களா, இல்ல வெளிய வந்து உங்ககிட்ட பேசுவாங்களான்னு. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, உள்ள ட்யூபோட அவர் படுத்திருக்கும்போது உங்களால நிதானமா யோசிக்க முடியாது.

முடிஞ்சதும் மணிக்கட்டுல காத்தடிச்ச பேண்ட் கட்டி சில மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுவாங்க. தண்ணி குடிக்கச் சொல்லுங்க, அந்தக் கையால சில நாள் வெயிட் தூக்க வேணாம். வீட்டுக்கு வந்தப்புறம் ரத்தம் கசிஞ்சா அந்த இடத்துல விரலை வச்சு விடாம நல்லா அழுத்துங்க, நிக்கலன்னா அழுத்தினபடியே எமர்ஜென்சிக்குப் போங்க. விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.