பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் லைட் அணையவே இல்லை. ஆக்சிஜன் சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். உங்கள் கார் 2014 மாடல், லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, ஸ்கேன் போட்டதில் பி0171 என்று வந்தது, அழித்தால் நான்கைந்து நாளில் மறுபடி எரிகிறது, ஐடிலிங்கில் லேசாக நடுங்குகிறது, ஷெட்டில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்தச் சென்சார் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

பி0171 என்பது ஒரு பாகத்தின் பெயர் அல்ல. 'இன்ஜினுக்குள் காற்று அதிகமாகப் போகிறது, அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது' என்ற தகவல், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து இந்தத் தகவலைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். சென்சாரோ அதன் வயரிங்கோ கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0130 முதல் பி0135 வரையிலான எண்களில் ஒன்று வரும். காய்ச்சல் காட்டுகிறது என்பதற்காக யாரும் தெர்மாமீட்டரை மாற்றுவதில்லை. ஆனால் ஷெட்டுகளில் பி0171 வந்ததும் சென்சாரை மாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. பல ஆயிரம் செலவழித்தும் ஒரே வாரத்தில் அதே லைட் எரிவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

அப்படியே ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். லைட் சீராக எரிந்தால், வண்டியும் ஒழுங்காக இழுத்தால், சில நாள் ஓட்டலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. லைட் விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்லுங்கள். சிவப்பில் ஆயில் கேன் படமோ, வெப்பமானி படமோ எரிந்தால் அது செக் இன்ஜின் லைட்டே அல்ல. அந்த நிமிடமே இன்ஜினை அணைக்க வேண்டும்.

இனி யாரையும் அந்த எரர் கோடை அழிக்க விடாதீர்கள். கோட் பதிவாகும் நொடியில் இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு லோடு இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்துப் பதிந்து வைக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். துப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும், கம்ப்யூட்டர் இத்தனை நாள் கற்றுவைத்த திருத்தங்களும் போய்விடும். இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை அது இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்துப் பார்த்த பிறகே லைட்டைப் போடும். உங்களுக்கு நான்கைந்து நாள் கழித்து லைட் வருவது இதனால்தான். அழித்த உடனே லைட் போனது என்றால் கோளாறு போனது என்று அர்த்தமில்லை.

ஸ்கேனர் ஒன்றை நீங்களே வாங்கிவிடுங்கள். இந்தியாவில் ஏப்ரல் 2013 முதல் கார்களுக்கு ஓபிடி-2 (கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதியும் அமைப்பு) கட்டாயம் என்பதால் உங்கள் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 என்ற பெயரில் விற்கும் சின்ன புளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஐபோன் என்றால் சாதாரண புளூடூத் வகை பெரும்பாலும் சேராது. வைஃபை வகை அல்லது புளூடூத் 4.0 வகை என்று கேட்டு வாங்குங்கள். (2010க்கு முந்தைய கார் வைத்திருப்பவர்களுக்கு: பலவற்றில் இந்தக் கருவி பேசாது. சில மாடல்களில் சோதனைக் கப்ளரின் (வயர்களை இணைக்கும் சாக்கெட்) இரண்டு முனைகளை வயரால் இணைத்தால், அந்த லைட்டே மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். எந்த முனைகள் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆப்பில் 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்', 'ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்று இரண்டு எண்கள் சதவீதத்தில் வரும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவைப் பிடிக்கக் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பிளஸ் 5க்கும் மைனஸ் 5க்கும் இடையே இருந்தால் அருமை. 10 வரை பரவாயில்லை. பிளஸ் 20, 25 என்று ஏறிப்போய், அதற்கு மேல் திருத்த முடியாத கட்டத்தில்தான் பல கார்கள் பி0171 போடும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி அணைத்து, ஐடிலிங்கில் அந்தக் கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் 22, 2500இல் பிளஸ் 6 என்று இறங்கினால், எங்கோ ஒரு ஹோஸிலோ கேஸ்கெட்டிலோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தச் சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அது ஒரு பொருட்டாக இருக்காது. இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடேறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள், அல்லது காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கும். எரிபொருள் அழுத்தத்தை கேஜ் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 3 பார் சுமாருக்கு இருக்கும். சிலவற்றில் 4ஐத் தொடும்.

என் பழைய காரிலும் இதே எண்தான் வந்தது. ஒரு ஷெட்டில் சென்சாரோடு இன்ஜெக்டர் செட்டையும் மாற்றச் சொன்னார்கள். ட்ரிம் எண்கள் ஐடிலிங்கில் மட்டும் ஏறியிருந்ததால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர், ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். வால்வ் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிசிவி ஹோஸை அழுத்தியதும் ஐடிலிங் நடுக்கம் நின்றது, போனில் ட்ரிம் எண்ணும் இறங்க ஆரம்பித்தது. ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில், நீளமாக ஒரு வெடிப்பு. நம் ஊர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பத்து வருடம் கிடந்த ரப்பர் விறைத்து வெடிப்பது இயல்புதான். புது ஹோஸுக்கு ஆன செலவு சென்சார் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஓடும் இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், செய்ய விடாதீர்கள். புகை விட்டுக் கசிவு பார்க்கும் மெஷின் வைத்திருக்கும் ஷெட் கிடைத்தால் அதுவே சிறந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொன்ன இந்தக் கணக்கு, காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கே கச்சிதமாகப் பொருந்தும். நம் ஊரின் பல சிறு கார்களில் அதற்குப் பதிலாக இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் கசியும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், ட்ரிம் பெரிதாக ஏறுவதைவிட ஐடிலிங் ஆர்பிஎம் உயர்ந்து நிற்பதுதான் அடையாளம். அந்த வகைக் காரில் பி0171 வந்தால் பெட்ரோல் அழுத்தத்தை முதலில் பாருங்கள். அடுத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிக்காற்று அங்கே உள்ளே புகுந்தால் சென்சார் அதையும் சேர்த்துப் படித்து, இல்லாத பெட்ரோல் குறைவைச் சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் குறைந்தால் அதைச் சந்தேகப்படலாம்.

சரி, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆப்பில் முதல் சென்சாரின் (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) வோல்ட்டை கிராஃபாகப் போடுங்கள். சூடான இன்ஜினை 2500இல் பிடித்தால் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8ஐத் தாண்ட வேண்டும், விட்டதும் பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். இரண்டும் வேகமாக நடந்தால் சென்சாரை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சில கார்களில் இருக்கும், காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் வைட்பேண்ட் வகைக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. ஒருவேளை பி0135 வந்தால் அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் பிரச்சினை. அப்போதும் முதலில் ஃபியூஸ், பிறகு கப்ளரைக் கழற்றி ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களுக்கிடையே மல்டிமீட்டர். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் நல்லது. எதுவுமே காட்டாவிட்டால்தான் புது சென்சார்.

இதற்கெல்லாம் முன்பே பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை உண்டு. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், இன்ஜின் ஓடும்போது 13.5க்கு மேலும் இருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் ஸ்ட்ராப் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் வயர்) அரித்திருக்கிறது. பழைய வண்டியில் எர்த் சரியில்லாவிட்டால் சம்பந்தமே இல்லாத நாலு கோட்கள் ஒன்றாக வரும். பிறகு எலி. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் காரென்றால் பானெட்டைத் திறந்ததும் புழுக்கையையும் கடித்த வயரையும் தேடுங்கள். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் லைட் வந்தது என்றால், கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கும். கழற்றி, உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

இணையத்தில் தேடினால் 'பெட்ரோல் மூடியை இறுக்குங்கள்' என்பதுதான் முதல் ஆலோசனையாக வரும். அது அமெரிக்கக் கார்களுக்கானது. அங்கே டேங்க் ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊரின் இந்த வயதுக் கார்களில் அந்தச் சோதனை பொதுவாகக் கிடையாது. மூடியை இறுக்கிவிட்டு லைட் அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு எண் வந்து இதைப் படிப்பவர்களுக்காகவும் கொஞ்சம். பி0301 முதல் பி0304 வரை என்றால் அந்தந்த சிலிண்டரில் மிஸ்ஸிங். பிளக்குக்கு ஒன்றாகக் காயில் (பிளக்குக்கு மின்பொறி தரும் பாகம்) இருக்கும் காரென்றால், காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பி0302 இருந்தது பி0303 ஆனால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன். பி0420 என்பது கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்ற தகவல். அது வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றக் கிளம்பாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலை கூரையைத் தொடும். மிஸ்ஸிங், ஆயில் எரிவது, எக்ஸாஸ்ட் கசிவு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு நல்ல விலை உண்டு. வெளியில் பொருத்திய சிஎன்ஜி, எல்பிஜி கிட் இருக்கிற காரென்றால் பெட்ரோலில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போது ட்ரிம் சரியாக இருந்தால் கிட்டின் டியூனிங்கில்தான் கோளாறு.

ஷெட்டுக்குப் போகும்போது சண்டை போட வேண்டியதில்லை. "அண்ணே, சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி ட்ரிம் எவ்வளவுன்னு காட்டுங்க, சென்சார் கிராஃபையும் பார்த்துடலாம்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியை விரும்புவார். காட்ட மறுத்தால் வேறு ஷெட்.

பழுது பார்த்த பிறகு கோடை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி, அதே ஐடிலிங், அதே 2500இல் ட்ரிமை மறுபடி பாருங்கள். 10க்குள் நின்றால் வேலை முடிந்தது. உங்கள் ஃப்ரீஸ் ஃபிரேம் எண்களையும் இந்த இரண்டு ட்ரிம் எண்களையும், காரில் இருப்பது மேப் சென்சாரா ஏர்ஃப்ளோ சென்சாரா என்பதையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். அடுத்து எந்த ஹோஸைப் பார்ப்பது என்பது வரை சேர்ந்தே பார்க்கலாம்.